மூக்கு போட்ட பாதை

எங்கள் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்ட நான்கு பாதைகள் இருக்கின்றன. நான்கையும் போட்டது நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் மூக்கு.

விடுதிக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. மலை எந்த இடத்தில் முழுதாகக் கண்ணில் படும், ஏற்றம் எப்போது வந்தால் கால் தாங்கும், எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்றெல்லாம் யோசித்து யாரோ விவரமானவர்கள் பாதை போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அத்தானும் அவர்களிடம் அப்படித்தான் அளந்துவிடுவார். அத்தான் என் அக்காவின் கணவர், விடுதியின் முதலாளி. அவருடைய விருந்தினர்களை சைக்கிளில் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவது என் வேலை. என் வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டுப் போன பிறகு நானும் மகளும் தங்கியிருப்பதும் அதே விடுதியின் பின்பக்க அறையில்தான். ஆகவே வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் நாலு முறை யோசிக்க வேண்டும். நாலு முறை யோசித்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். விடுதி ஏரிக்கு மேலே, சரிவில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆறே அறைகள். இப்போது மூன்று மாடி. அறைகள் பெருகின, பால்கனிகள் முளைத்தன, கழிவுத்தொட்டி மட்டும் அந்த ஆறு அறைகளுக்காகத் தோண்டியதே. நிரம்பினால் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். வாசலில் அந்த லாரி நின்றால் விருந்தினர்கள் முகம் சுளிப்பார்களே என்று அத்தான் ஒரு குழாய் போட்டார். அது சரிவில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் நுழைந்து, பெரிய வளைவுக்குக் கீழே பாறை இடுக்கில் ஏரிக்குள் வாய் வைத்திருக்கிறது. மூன்று மாடி மனிதர்கள் காலையில் கழித்துவிடுவதெல்லாம் அங்கே போய்ச் சேர்கிறது. அப்புறம் அதே மனிதர்கள் காபியோடு பால்கனிக்கு வந்து, "தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு" என்பார்கள். 

மலை ஏரியில் காற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை குளிர்காற்று மலையிலிருந்து ஏரியை நோக்கி இறங்கும். மத்தியானத்துக்கு மேல் அப்படியே திரும்பி, ஏரியிலிருந்து மலைக்கு ஏறும். காலையில் பெரிய வளைவைக் கடந்தால் ஒன்றும் தெரியாது, நாற்றத்தைக் காற்று தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். மத்தியானம் அங்கே நின்றால் சாப்பிட்டது வயிற்றில் தங்காது. அதனால் நான் போட்ட நான்கு பாதைகளுமே ஒரே மாதிரித்தான் தொடங்கும். விடுதி வாசலிலிருந்து செங்குத்தான இறக்கம், இறக்கத்தின் அடியில் பெரிய வளைவு, அதைக் காலையிலேயே தாண்டி ஏரிக்கரை ரோடு. பிறகு குட்டையோ நெட்டையோ, சுற்றி முடித்து, மலைக்குப் பின்னால் போகும் மேல் ரோட்டு வழியாக வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஏன் எப்போதும் இந்தப் பக்கமாகவே போகிறோம் என்று யாராவது கேட்டால், "அப்பத்தான் வெயில் முதுகுல விழும்" என்பேன். வாய் கூசாமல் சொல்வேன்.

அக்காவிடம் குழாயைப் பற்றிப் பேசிப் பார்த்திருக்கிறேன். அக்கா சமையலறையின் ராணி. அவள் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடக்காது, பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். அப்பேர்ப்பட்டவள் ஏரிப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள்.

"எப்படிக்கா இந்த நாத்தத்துல நிக்கற?"

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் வரலையே."

"பொய் சொல்லாதக்கா."

"உனக்கு மூக்கு ரொம்ப நீளம்டி. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்."

புருஷனைக் காப்பாற்றுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இந்த வருடம் ஒரு பந்தயக் குழு வந்து இறங்கியது. பெண்கள் குழு. அதன் பயிற்சியாளருக்கு என் மகள் 'விசில்' என்று பெயர் வைத்தாள். கழுத்தில் ஒரு விசில் எப்போதும் தொங்கும், வாயைவிட அதைத்தான் அதிகம் பயன்படுத்துவார். கூடவே ஒரு பெண்ணும் வந்திருந்தாள். ஓட்டி முடித்தவர்களுக்குக் கால் பிடித்துவிடுவது, பாட்டில் நிரப்புவது, பின்னால் வேன் ஓட்டிக்கொண்டு வருவது எல்லாம் அவள் வேலை. நல்ல மரியாதை தெரிந்த பெண். வந்த அன்றிலிருந்து ஒரு கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டே திரிந்தாள். ஜலதோஷமா என்று கேட்டதற்கு, "ஆமாக்கா" என்று சிரித்தாள்.

என் மகளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். நடக்கக் கற்றதற்கும் சைக்கிள் கற்றதற்கும் நடுவில் அவள் சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவள் ஓட்டுவதை வந்த மறுநாளே விசில் பார்த்துவிட்டார்.

"உங்க பொண்ணா? எங்க ஆளுங்களோட சேர்ந்து ஓட்டட்டும். சனிக்கிழமை ஏரியை முழுசா சுத்தறோம். அதுல கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்தான்னா கூட்டிட்டுப் போயிடறேன்."

அன்றைக்கு நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். இந்த அறையிலிருந்து, இந்தக் குழாயிலிருந்து, அத்தானின் பல்லிளிப்பிலிருந்து அவளாவது போய்விடுவாள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தால் போதும்.

வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், குழு கிளம்புவதற்கு முன்னால் வழக்கம்போல நான் தனியாகச் சைக்கிளில் இறங்கிப் பாதையைப் பார்த்தேன். பெரிய வளைவில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. நின்று மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தேன். ஈர மண், இலை, குளிர். வேறு ஒன்றும் இல்லை. மழை பெய்தால் சரிவில் ஊற்றெடுப்பது வழக்கம்தான். திரும்பிப் போய், "ரோடு ஈரமா இருக்கு, ஆனா சுத்தம்" என்று விசிலிடம் சொன்னேன். குளிர்ந்த காலையில், மலைக்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, எந்த மூக்கும் அங்கே வேலை செய்யாது. இந்தப் பாதைகளைப் போட்டவளே அதை மறந்து நின்றேன்.

பந்தய சைக்கிளுக்கு மட்கார்டு கிடையாது. குழுவாக ஓட்டுகிறவர்கள் காற்றுக்கு ஒதுங்கி ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவளின் பின்சக்கரம் ரோட்டில் இருப்பதை வாரி, பின்னால் வருகிறவளின் முகத்தில் அடிக்கும். இறக்கத்தில் வரும் வேகத்துக்கு வாயைத் திறக்காமல் மூச்சு விட முடியாது. பாட்டிலும் சைக்கிளின் நடுக்கம்பியில்தான் இருக்கும், அதன் வாய்மேலும் எல்லாம் தெறிக்கும். தாகம் எடுத்தால் அதே வாயைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் குடிப்பார்கள். குட்டி புதியவள், அவளுக்கு வரிசையில் கடைசி இடம். அத்தனை பேர் வாரி இறைப்பதும் அவளுக்குத்தான்.

நான் வேனில், அதை ஓட்டிய கைக்குட்டைப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு பின்னால் வந்தேன். பழைய படகுத்துறை அருகே முதல் நிறுத்தம். குழு சைக்கிளைவிட்டு இறங்கியது. எல்லோர் முதுகிலும் இடுப்பிலிருந்து கழுத்துவரை பழுப்புக் கோடு. முகமெல்லாம் புள்ளி. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்தார்கள், பல்லிலும் புள்ளி. குட்டியும் சிரித்தாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தேன். ஓட்டி வந்த சூட்டில் கன்னம் கொதித்தது. துண்டு என் மூக்கருகில் வந்தது.

குளிரில் படுத்துக்கிடந்தது சூடு பட்டதும் எழுந்துவிட்டது. மழை நாற்றமில்லை, சேற்று நாற்றமில்லை. மூன்று மாடியும் அந்தத் துண்டில் இருந்தது.

குட்டி பாட்டிலைப் பல்லில் கடித்து இழுத்து மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கினேன்.

"என்னம்மா?"

"துப்பு. துப்புடி!"

"சேறுதாம்மா, விடு. எல்லாரும் பாக்கறாங்க." குரலைத் தாழ்த்தி, "மானத்த வாங்காத" என்றாள்.

விசில் இந்தப் பக்கம் திரும்பினார். "என்ன ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த நிமிடமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், சனிக்கிழமை என்று ஒன்றே இருக்காது. குட்டி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"பாட்டில் லீக் ஆகுது" என்றேன். "எல்லாருக்கும் வேற பாட்டில் மாத்திடறேன்."

வேன் ஓட்டி வந்த பெண் என்னோடு சேர்ந்து எல்லாப் பாட்டிலையும் மாற்றினாள். பழைய பாட்டில்களை இரண்டு விரலால் பிடித்துப் பைக்குள் போட்டாள். எனக்கு என் வாயையே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது.

மத்தியானத்துக்குள் இரண்டு பெண்கள் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள். காலையில் சாப்பிட்ட முட்டைதான் காரணம் என்று விசில் முடிவு கட்டினார். அக்கா நொறுங்கிப்போனாள். முட்டைகளையெல்லாம் கொட்டிவிட்டு, பாத்திரங்களை வெந்நீரில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். "என் கையால சாப்பிட்டு யாரும் ஒரு நாள் படுத்ததில்லடி" என்று அழுதாள். ஏரிப்பக்கத்து ஜன்னல் திறந்தே இருந்தது. எனக்கு அவள்மேல் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. குட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம்வரை அவள் பின்னாலேயே சுற்றி நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டாள்.

அத்தானை வரவேற்பறையில் பிடித்தேன். எப்போதும் ஒரு பாட்டில் வாசனைத் திரவத்தைக் கொட்டிக்கொண்டு நிற்பார். வேலையாட்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'சென்ட்டு' என்பார்கள். மேஜைமேல் கை கழுவும் திரவம். யாருடன் கைகுலுக்கினாலும் அடுத்த நிமிடம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார், அவ்வளவு சுத்தம்.

"குழாய் உடைஞ்சிருக்கு அத்தான். எல்லாம் ரோட்டுல ஓடுது."

"உடையலம்மா. மழைக்குக் கொஞ்சம் மூச்சு விடுது. திங்கக்கிழமை ஆளக் கூப்பிட்டுப் பாத்துக்கலாம்."

"நாளைக்குத் திரும்பவும் அந்த வழியாத்தான் போகணும். அத்தனை பொண்ணுங்க வாய்லயும் போயிருக்கு. உங்க வாயில போயிருந்தா திங்கக்கிழமை வரைக்கும் இருப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். சிரித்தார். "காலையில நீதான போய்ப் பாத்துட்டு வந்து சுத்தம்னு சொன்ன? நானா சொன்னேன்?"

சொன்னது நான்தான்.

"இதுல நீ ரொம்ப மூக்க நுழைக்காத. குட்டியோட வாழ்க்கை நாளைக்கு இருக்கு. அவங்க இன்னைக்கே கிளம்பிட்டா யாருக்கு நஷ்டம்? எனக்கு நாலு அறை காலியாகும், அவ்வளவுதான். நீ போய்த் தூங்கு. வளைவ நான் பாத்துக்கறேன்." சொல்லிக்கொண்டே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். 

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது சனிக்கிழமை காலையில் தெரிந்தது. நான் இறங்கிப் போனபோது, பெரிய வளைவுக்கு நாலு முழம் முன்னாலேயே எலுமிச்சை வாசனை. ஊரில் எலுமிச்சை மரமே கிடையாது. விடுதியில் தரை துடைக்க வைத்திருக்கும் திரவத்தைக் குடம் குடமாக ரோட்டில் ஊற்றி வைத்திருந்தார். கசிந்து ஓடியதும் இதுவும் கலந்து வளைவு முழுக்க நுரை பொங்கி நின்றது. நுரைக்கு நடுவில் ஒரு காகிதத் துண்டு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்னவென்று பக்கத்தில் குனிந்தேன். எலுமிச்சையும் மலமும் சேர்ந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன்.

வயிறு அடங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. செங்குத்து இறக்கம், அடியில் சோப்பு நுரை. மெல்லிசு டயர். முழு வேகத்தில் வந்து வளைவில் திரும்பினால் ஒருத்தி விழுவாள், அவள்மேல் மற்ற அத்தனை பேரும் விழுவார்கள். கடைசியில் என் மகள்.

இத்தனை வருடமும் இந்த ஆளின் அசிங்கத்தை மறைக்க நான்தான் வழி கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்று நினைத்தபோது, அவரைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. பாதை போடுகிறவள் நான். பூசி மெழுகத் தெரிந்த எனக்கு, திறந்து காட்டவும் தெரியும்.

வாந்தி எடுத்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் வாசலில் தயாராக நின்றார்கள். விசிலிடம் போனேன்.

"இன்னைக்கு எதிர்ப்பக்கமா சுத்தலாம் சார். மேல் ரோட்டுல ஆரம்பிச்சு, ஏரிக்கரை வழியா வந்து, பெரிய வளைவுல முடிக்கலாம். இறக்கத்துல வழுக்குது. அதுவுமில்லாம, அந்த ஏத்தம் கடைசியில வந்தாத்தான் யார்கிட்ட எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்குன்னு தெரியும்."

அவர் முகம் மலர்ந்தது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

குழு வாசலிலிருந்து மேல் ரோட்டுப் பக்கம் திரும்பியபோது அத்தான் படியில் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டிய கை அப்படியே நின்றது. "எந்தப் பக்கமா போறாங்க?" என்றார். "திரும்பி வரும்போது மத்தியானம் ஆயிடுமே!"

"ஆகும் அத்தான்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. மலைக்குப் பின்பக்கம் ஏறி, கணவாயைத் தாண்டி, அக்கரையில் இறங்கினோம். குட்டி பின்தங்கவில்லை. ஆனால் ஏரிக்கரை ரோட்டுக்கு வந்தபோது அவள் தோள் ஆட ஆரம்பித்துவிட்டது. அவளுக்கும் முன்னால் இருப்பவளுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி, பிறகு இரண்டு. வேனில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த விசில் உதட்டைப் பிதுக்கினார். நான் சீட்டு நுனிக்கு நகர்ந்தேன். கூடவே ஏரியில் சின்னச் சின்ன அலை எழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காற்று திரும்பிவிட்டது.

பெரிய வளைவுக்கு வெகு தூரத்துக்கு முன்பே கண்ணாடியை ஏற்றிய வேனுக்குள்ளும் அது வந்தது. அந்தப் பெண் கைக்குட்டையை மூக்கோடு அழுத்திக்கொண்டாள். வளைவில், வேலி ஓரமாக, ஒரு மனிதர் நின்று கையை மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தான்தான். இரண்டு கையிலும் அறைக்கு அடிக்கும் வாசனை டப்பா. ஏரி முழுதும் எழுந்து வரும் காற்றைப் பார்த்துப் பூவாசனையைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அது அவர் முகத்திலேயே திரும்பி அடித்தது.

முன்னால் போனவள் வளைவில் ஏற்றத்துக்குள் நுழைந்தாள். ஏற்றத்தில் மூச்சை அடக்க முடியாது, ஆழமாக இழுத்தாக வேண்டும். இழுத்தாள். கால் தரையில் ஊன்றியது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வேலிக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் நின்றாள், அடுத்தவள் நின்றாள். ஒருத்தி ஹெல்மெட்டோடு குனிந்து வாந்தி எடுத்தாள். விசில் வேனிலிருந்து இறங்கி, சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டு, வேலிக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தார். பாறையும் குழாயும் குழாய் கக்கியதும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பிறகு ரோட்டில் காய்ந்தும் காயாமலும் கிடந்த பழுப்பைப் பார்த்தார். நேற்று தன் பெண்கள் முதுகில் இருந்த கோடு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நான் முட்டைன்னு நெனச்சேன்" என்றார்.

"மழைத் தண்ணி சார், மலையில எலை அழுகி..." என்று அத்தான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நெருங்கினார். விசில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது மேலே, ஏற்றத்தை.

குட்டி நிற்கவில்லை. வளைவுவரை தோள் ஆடிக்கொண்டு வந்தவள், நின்றவர்களைச் சுற்றிக்கொண்டு, சீட்டைவிட்டு எழுந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்து இழுத்து மிதித்துக்கொண்டு அந்தச் செங்குத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். வளைவுக்கு முன்னால் இல்லாத வேகம். ஒரு தடவைகூடத் தலை திரும்பவில்லை. வாசலை எட்டிக் கையை உயர்த்தினாள்.

"பிடிவாதம்னா இது பிடிவாதம்" என்றார் விசில். பிறகு என்னிடம், "நாங்க இப்பவே கிளம்பறோம். இந்த இடத்துல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டோம். உங்க பொண்ணையும் பையை எடுத்துக்கச் சொல்லுங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வைக்கு நாளையிலிருந்து என் தலைமேல் கூரை இருக்காது என்று அர்த்தம். இல்லாவிட்டால் போகட்டும். அவர் பக்கமாகத் திரும்பி ரோட்டில் காறித் துப்பினேன். அந்த ரோட்டுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

அறையில் குட்டி குளித்துவிட்டு ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலை ஆட்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அலமாரியிலிருந்து அவள் துணிகளை எடுத்து மடித்துப் பையில் அடுக்கினேன். ஜன்னல் திறந்திருந்தது. காற்று உள்ளே வந்தது.

"எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. நீ மட்டும் எப்படிடி மூச்சை அடக்கிட்டு ஏறின?"

"எங்க அடக்கினேன்? ஏத்தத்துல மூச்சை அடக்க முடியுமா?"

"அப்புறம்?"

"கரை ரோட்டுல வரும்போதே எனக்குக் கால் செத்துப்போச்சும்மா. அவ்வளவுதான், விட்டுடலாம்னு நெனச்சேன். வளைவு கிட்ட அந்த வாசனை வந்துதா, சரி, வீடு வந்துருச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். அந்த வாசனை வந்தா கால் தானா மிதிக்கும்." ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அவங்கல்லாம் எதுக்கும்மா நின்னாங்க?"

கையில் இருந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வாசனை என்கிறாள். 'எனக்கு ஒண்ணும் வரலையே' என்று அக்கா சொன்னதெல்லாம் புருஷனுக்காகச் சொன்ன பொய் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அக்கா ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

பையில் அடுக்கியதை எல்லாம் திரும்ப வெளியே எடுத்தேன். ஒவ்வொரு துணியாக முகத்தில் வைத்து முகர்ந்தேன். சோப்பு வாசனை. அலமாரி மர வாசனை. திரும்பவும் முகர்ந்தேன். வேறு ஒன்றும் தெரியவில்லை. நான்கு பாதை போட்ட மூக்கு. அந்த அலமாரி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இத்தனை வருடமும் இருக்கிறது.

"என்னம்மா பண்ற? வேன் நிக்குது!"

ஒரு சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். வேனுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் சட்டையை நீட்டினேன்.

"இத மோந்து பாரும்மா. துவைச்சு வச்ச சட்டை. நாறுதா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சட்டையை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள். நொடிகூட ஆகவில்லை, தலை தானாகப் பின்னால் போயிற்று. அதை மறைக்கச் சட்டையை அவசரமாக நாலாக மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் கொடுத்தாள்.

"அங்க போய் ரெண்டு மூணு தடவ துவைச்சா போயிடும்க்கா" என்றாள்.